என் திட்டின் தலையில் மட்டும் பச்சைப் புல்

அன்புள்ள மகன் அருளப்பனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று முடிப்பதாக இருந்தால் அது ஒரு கார்டிலேயே அடங்கிவிடும். நான் பாய் கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதிலிருந்தே தெரிந்துகொள், இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை நீ அந்தப் பள்ளிக்கூடத்து அஸ்திவாரத்தை அளந்து புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால் உனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அது வேறொருவர் வாயால் உனக்குத் தெரிய வரக் கூடாது. இதை நீ ஒளித்து வைத்து வாசிக்க வேண்டியதில்லை. ஆபீசில் வைத்து வாசி, வேலை நடக்கிற இடத்தில் கொத்தனாரும் சித்தாளும் கேட்கும்படி வாசி. மூடி அனுப்பிய ஒரு தாளால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன். இதுவாவது திறந்தே கிடக்கட்டும்.

உனக்கு ஓவர்சியர் வேலைக்கு ஆர்டர் வந்த அன்றைக்கு உன் ஐயா அந்தக் காகிதத்தைக் கோவிலில் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்து எடுத்து வந்தார். நான் வாசலில் நின்று, யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமை இல்லை என்று சொன்னால் பொய். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளுடைய மகன் சர்க்கார் கட்டடத்தை அளந்து, சரி, சரியில்லை என்று எழுதப் போகிறான் என்றால் பெருமை இல்லாமல் எப்படி இருக்கும். ஆனால் அந்த வாரமே எனக்குச் சந்தேகமும் பிடித்துவிட்டது. பருத்தி எடுக்கப் போகும்போது ஒரு நாளும் என்னைத் திரும்பிப் பார்க்காத வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, "ஓவர்சியர் அம்மா, ஏறிக்கிடுங்க" என்றார். நான் ஏறவில்லை. உன் அக்கா சிரித்தாள். மரியாதைக்குக் கூப்பிட்டால் ஏறுவதற்கு என்ன என்றாள். அவருடைய தம்பி விளாத்திகுளம் ரோட்டுக்குக் கல் உடைத்துக் கொடுக்கிறவன் என்பதும், அந்த ஜல்லியை நீதான் அளக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியாது. நான் அதை முன்னாலேயே விசாரித்து வைத்திருந்ததால்தான் நடந்தே போனேன்.

உன்னையும் நான் விடவில்லை. போன மாதம் நீ புது சைக்கிளில் வந்து இறங்கினாய். பேரப்பிள்ளைகள் மணியை அடித்து விளையாடிக்கொண்டிருந்தபோது நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நீ ஊருக்குக் கிளம்பின மறுநாள் கோவில்பட்டிக்கு பஸ் ஏறிப் போய், மட்கார்டில் பெயர் பார்த்து வைத்திருந்த அந்தச் சைக்கிள் கடையைக் கண்டுபிடித்து, இந்த மாதிரி ஒரு சைக்கிளை என் மகனுக்கு யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டேன். கடைக்கார பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது பழைய சைக்கிளும்மா. பெயிண்ட் அடிச்சுக் குடுத்தேன். ஒங்க மவன்தான் ரெண்டு நாளு கூடவே நின்னு அடிக்க வச்சான்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் கேட்டதற்காக வருத்தம் இல்லை. இனியும் கேட்பேன். உன் வேலையே இதுதான் என்றால், உன்னைப் பெற்றவளுக்கும் கொஞ்சம் அந்தக் குணம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓவர்சியர் வேலை என்றால் டேப்பும் புத்தகமும் என்று நீ படித்திருப்பாய். நான் அதைக் கீழே இருந்து பார்த்தவள். மில் கட்டின காலத்தில் இரண்டு வருஷம் சுண்ணாம்பு சுமந்திருக்கிறேன். நம் கரிசல் கோடையில் வெடிக்கும், மழையில் ஊதும். மாடு கால் விட்டு முறிகிற அளவுக்கு வெடிப்பு விழும் என்று உனக்கே தெரியும். அந்த மண்ணை முழுக்க வெட்டி எடுத்து, கீழே வெள்ளையாகச் சுக்காங்கல் தட்டுகிற வரைக்கும் போய்த்தான் அஸ்திவாரம் போட வேண்டும். இதை உனக்கு வாத்தியார் சொல்லியிருப்பார். டேப் எந்த இடத்தில் விழும் என்பது குழி வெட்டுகிறவனுக்கு முன்னாலேயே தெரியும் என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார். அதிகாரி வந்தால் மூலையில் நிற்பார். மூலையில்தான் நிழல் இருக்கும், இறங்கப் படி வெட்டியிருக்கும், டேப்பின் முனையைப் பிடிக்கச் சிரித்த முகமாக ஓர் ஆள் நிற்பான். அதனால் நாலு மூலையிலும் சுக்காங்கல் தெரியும்படி வெட்டிவிட்டு நடுவில் கரிசலை அப்படியே விட்டு, மேலே அரை அடி மணலைப் பரப்பி மட்டமாக்கி வைப்பார்கள். மேலே இருந்து பார்த்தால் குழி முழுக்க ஒரே ஆழம். சுவரும் அப்படித்தான். நீ வருகிற நாள் காலையில் மட்டும் நனைந்திருக்கும். முந்தின நாள் நனைத்தார்களா என்று சுவரைக் கேட்காதே, அங்கே தண்ணீர் சுமக்கிற பெண்ணின் தலையில் இருக்கிற சும்மாட்டுத் துணியைப் பார். அது காய்ந்து விறைத்திருந்தால் அவள் ஒரு வாரமாகக் குடம் தூக்கவில்லை.

இதெல்லாம் உனக்கு எப்படி அம்மா தெரியும் என்று கேட்பாய். மில் கட்டடத்தில் பார்த்தது பாதி. மீதி நானே செய்தது.

நீ போர்டிங்கில் படித்த காலம் அது. மூன்று வருஷமாக மழை இல்லை. சர்க்கார் பஞ்ச வேலையாக நம் ஊர்க் கண்மாயைத் தூர் எடுத்துக் கரையை உயர்த்தச் சொன்னார்கள். கண்மாய்க்குள் குழி வெட்டி, அந்த மண்ணைக் கூடையில் சுமந்து கரையில் கொட்ட வேண்டும். எவ்வளவு ஆழம் வெட்டினோமோ அதற்குத் தக்க கூலி. வெட்டின பிறகு பழைய தரை எங்கே இருந்தது என்று எப்படித் தெரியும்? அதற்காகக் குழியின் நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அகலத்துக்குத் திட்டு ஒன்றை வெட்டாமல் விட்டுவிடுவோம். அதன் தலையில் பழைய தரையின் புல் அப்படியே இருக்கும். ஓவர்சியர் திட்டின் தலையிலிருந்து குழியின் அடிவரைக்கும் டேப் பிடித்துப் பார்ப்பார். திட்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம் வெட்டியதாக எழுதுவார். அந்தத் திட்டுக்கு நாங்கள் சாட்சி என்று பெயர் வைத்திருந்தோம். அதற்கு வாய் கிடையாது என்ற தைரியத்தில்தான் நாங்கள் அதைப் பொய் சொல்ல வைத்தோம். சாயங்காலம் வேலை முடிந்து மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பியதும், திட்டின் தலையைப் புல்லோடு ஒரு பத்தையாக மண்வெட்டியால் பெயர்த்து எடுப்போம். வெட்டின இடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு ஈர மண்ணை அப்பிவிட்டு, பத்தையைப் பழையபடி மேலே உட்கார வைப்போம். காலையில் ஒரு சாண் ஆழம் தானாகக் கூடியிருக்கும்.

இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றப் பெண்கள் அப்பினால் ஒட்டுப் போட்டது மாதிரி தெரியும். நான் பழைய நத்தை ஓடு, ஆட்டுப் புழுக்கை எல்லாம் பொறுக்கி வந்து பதித்துவிடுவேன். மண் ஒன்றோடொன்று பிடிக்க வேண்டும் என்று காலையில் ஒரு செம்பு, மத்தியானம் ஒரு செம்பு தண்ணீர் விடுவேன். உனக்காகக் கட்டிய போர்டிங் சம்பளத்தில் அந்த ஒரு சாணும் சேர்ந்திருக்கிறது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நீ படித்த படிப்பின் கீழே என்ன மண் கிடக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

முதலில் இருந்த ஓவர்சியர் எதையும் கவனிக்காதவர். அவரை மாற்றிவிட்டு வேறொருவரை அனுப்பினார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், இளவட்டம், கண்ணாடி போட்டிருப்பார். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை எழுதியது போதும். வேலை நடக்கிற இடத்தில் யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார். மோர் கொடுத்தால் வேண்டாம், நுங்கு வெட்டிக் கொடுத்தால் வேண்டாம். குடிக்கிற தண்ணீரைக்கூட அவரே ஒரு கூஜாவில் கொண்டு வருவார். எங்களுக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. இப்படி ஒன்றுமே வாங்காதவன் பெரிதாக எதையோ வாங்கப் பார்க்கிறான் என்று பேசிக்கொண்டோம். வந்த மூன்றாம் நாள் கரையிலிருந்து குழிகளை ஒரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டு நேராக இறங்கி என் குழிக்குத்தான் வந்தார். திட்டைத் தொடக்கூட இல்லை.

"இந்தப் புல்லுக்கு மட்டும் யாரும்மா தண்ணி ஊத்தினது?" என்றார்.

அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்று வருஷம் மழை பெய்யாத கண்மாய். நூறு குழி, நூறு திட்டு. எல்லாத் திட்டின் தலையிலும் புல் வைக்கோலாகக் கிடந்தது. என் திட்டின் தலையில் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. மண் ஒட்டுவதற்காக நான் விட்ட தண்ணீரைப் புல் குடித்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் குழி முத்துக்கண்ணு சும்மா இருப்பாளா? "ஏட்டி, ஒன் திட்டுக்கு மட்டும் மழை பெஞ்சிருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. குடைக்கம்பியைத் திட்டில் சொருகி மெத்தென்று இறங்குகிற இடம் எது, நிற்கிற இடம் எது என்று பார்த்தார். மேலே இருந்த ஒரு சாணைத் தள்ளிவிட்டு மீதியை அளந்து எழுதினார். அபராதம் போடவில்லை. பிறகு நூறு திட்டையும் அப்படியே குத்திப் பார்த்தார். சிரித்தவர்கள் எல்லாருக்கும் அன்றைக்கு ஒரு சாண் குறைந்தது. சாயங்காலம் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

சங்கரபாண்டி மேஸ்திரியை உனக்குத் தெரியும். இன்றைக்குக் காண்ட்ராக்டர். நீ வெள்ளிக்கிழமை அளக்கப் போகிற பள்ளிக்கூடத்தைக் கட்டுகிறவர். அன்றைக்கு அவர் எங்களுக்கு மேஸ்திரி. எங்கள் அளவு குறைந்தால் அவருக்கும் குறையும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவளை அவர் தன் கூடாரத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். ஊரில் எழுதத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். பெயர் போடாமல் ஒரு மனு எழுதி மேலே அனுப்பினால் அந்த ஆளை மாற்றிவிடுவார்கள் என்றார். அவர் மூன்று வரி சொன்னார். ஓவர்சியர் ஆள் பார்த்து அளக்கிறார், தலைக்கு இவ்வளவு என்று கேட்கிறார், கொடுக்காதவர்களின் திட்டை வெட்டித் தள்ளுகிறார் என்று மூன்று வரி. மூன்றும் பொய். எழுதினேன். என் புல்லைப் பார்த்து ஊரே சிரித்தது இன்னும் என் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது.

அருளு, நாலாவது வரியை மேஸ்திரி சொல்லவில்லை. அது என்னுடையது. மூன்று வரியையும் வாசித்துப் பார்த்தபோது, விசாரிக்க வந்தால் இது நிற்காது என்று எனக்கே தோன்றியது. பணம் கேட்டதற்குச் சாட்சி எங்கே என்பார்கள். அதனால், "எங்களில் ஓர் இளம்பெண்ணிடம் அவர் நடந்துகொண்ட விதத்தை எழுதக் கூசுகிறது, அவள் வாழ வேண்டியவள் ஆதலால் பெயர் எழுதவில்லை" என்று சேர்த்தேன். அப்படி ஒரு பெண்ணே கிடையாது. பெயர் இல்லாத பெண்ணை யார் விசாரிக்க முடியும், அவர்தான் என்ன சொல்லி மறுக்க முடியும். திட்டில் நத்தை ஓடு பதித்த அதே கைதான் அந்த வரியையும் பதித்தது. முதலில் எழுதிய தாளில் மை சிந்திவிட்டதால் வேறு தாளில் திருப்பி எழுதினேன். மை சிந்தியதைக் கிழித்துப் போடச் சொன்னேன். மேஸ்திரி சரி என்று சொல்லிக்கொண்டே அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. ஊரில் ஒருவர் விடாமல் சந்தேகப்படுகிற நான், சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரு நாளில் சும்மா இருந்துவிட்டேன்.

ஒரு மாதத்துக்குள் அவரை எங்கேயோ தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கிளம்புகிற அன்றைக்கு டிரங்குப் பெட்டியோடு கண்மாய்க் கரையில் பஸ்ஸுக்கு நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. நாங்கள் குழிக்குள் இருந்தோம். கரையிலிருந்து இறங்கி வந்து, அத்தனை பேரையும் விட்டு என்னிடம், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருக்குமாம்மா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் அவர் எங்களிடம் முதல் தடவையாக ஒன்றைக் கேட்டார். இனிமேல் எங்களை அளக்கிற வேலை அவருக்கு இல்லை, அதனால் வாங்கலாம். நான் செம்பை நீட்டினேன். அண்ணாந்து முழுவதும் குடித்துவிட்டு, நல்ல தண்ணி என்று சொல்லிச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். மனுவை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று இத்தனை வருஷமும் யோசித்திருக்கிறேன். தெரிந்து குடித்தாரா, தெரியாமல் குடித்தாரா? இரண்டில் எது லேசு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பரிகாரமாக 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தை ஐந்து தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அது சர்வேசுரனுக்கும் எனக்கும் உள்ள கணக்கு. செம்பைத் திருப்பிக் கொடுத்த மனுஷனுக்கு யார் சொன்னது?

அவருக்குப் பின் வந்தவர் கரையில் வேப்பமர நிழலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரி சொல்லச் சொல்ல எழுதினார். எங்கள் திட்டெல்லாம் வளர்ந்தன. கரை மட்டும் வளரவில்லை. அடுத்த கார்த்திகையில் மழை பெய்தது. மூன்று வருஷத்துத் தண்ணீர் ஒரே வாரத்தில் வந்தது. கண்மாய் நிரம்பியதைப் பார்த்து ஊரே கும்பிட்டது. மறுநாள் மத்தியானம், நாங்கள் மண் கொட்டிய பக்கத்தில் கரை இற்று விழுந்தது. ஆள் சாகவில்லை. முத்துக்கண்ணுவின் இரண்டு மாடு போயிற்று, இரண்டு ஊர் குடிக்க வேண்டிய தண்ணீர் போயிற்று. தை மாதமே கிணறு வற்றி, பசுவந்தனை ரோடு வரைக்கும் குடத்தோடு நடந்தோம். என் ஒரு சாணால்தான் உடைந்தது என்று என்னால் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நூறு குழியிலும் ஒரு சாண் குறைந்திருந்தது என்பது மட்டும் தெரியும். அதைக் கண்டுபிடித்த ஒரே ஆளை அனுப்பி வைத்தது நான்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சங்கரபாண்டி காரில் வந்து இறங்கினார். பேரப்பிள்ளைகளுக்கு என்று ஒரு பெரிய கடலை மிட்டாய்ப் பொட்டலம். என்னை மதினி என்றுதான் இன்னமும் கூப்பிடுகிறார். "சும்மா அந்தப் பக்கமாப் போனேன் மதினி, புள்ளைகளைப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்றார். எந்தப் பக்கம்? நம் வீட்டைத் தாண்டினால் முள்ளுக்காடு. உட்கார்ந்தவர் நம் சாணித் தரையைப் பார்த்து வருத்தப்பட்டார். ஓவர்சியர் வீட்டுத் தரையா இது, இரண்டு நாளில் சிமெண்ட் பூசித் தருகிறேன் என்றார். பெர்மிட் இல்லாமல் ஒரு மூட்டை கிடைக்காதே, சிமெண்ட் எங்கேயிருந்து வரும் என்று கேட்டேன். "வாரது வரும். நீங்க ஏன் அதெல்லாம் கேக்குதீங்க" என்றார். எந்தப் பள்ளிக்கூடத்துத் தரையிலிருந்து அது வரும் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. வேண்டாம் என்றேன். அப்புறந்தான் மணிபர்சுக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்தார்.

"உங்க எழுத்து அப்பமே முத்து முத்தா இருக்கும் மதினி. பாருங்க, இத்தன வருசம் ஆகியும் மங்கல" என்று விரித்துக் காட்டினார். மை சிந்திய இடத்தில் தாள் ஓட்டை விழுந்திருந்தது. நாலாவது வரி நன்றாக இருந்தது.

என்ன வேண்டும் என்றேன். "வெள்ளிக்கிழமை தம்பி அளக்க வாரான். நாலு மூலையும் அளந்தாப் போதும்னு நீங்க ரெண்டு வரி எழுதிப் போடுங்க. அம்மா சொன்னாக் கேக்குத பையன்."

"எழுதாட்டா?"

"எழுதாட்டா இதைத் தம்பியோட ஆபீசுல குடுப்பேன். ஓவர்சியர் மேல பொய் மனு எழுதினவ மவன்தான் இன்னைக்கு ஓவர்சியர்னு அவியளும் தெரிஞ்சுக்கிடட்டுமே. அவனுக்கு வேலை இன்னும் நெரந்தரம் ஆகலையாமே?"

அதையும் விசாரித்து வைத்திருக்கிறார். மூன்று வரி அவர் சொல்லித்தான் எழுதினேன் என்பதற்குச் சாட்சி இல்லை. நாலாவது வரிக்கு என் கையே சாட்சி. "எழுதுதேன் மேஸ்திரி. எனக்குத்தான் எழுத வருமே" என்றேன். சந்தோஷமாகப் போனார்.

அவர் போன பிறகு உன் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணியாச்சிப் பக்கம் தண்டவாளத்தில் ஆணி தளர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்தே முப்பது வருஷம் நடந்த மனுஷன். எதற்கும் அவசரப்பட மாட்டார். கேட்டுவிட்டு, "எழுதினது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஊருல வேற எவளுக்கு எழுத வரும்?" என்றார். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீ இல்லைன்னு சொல்லுவ. அப்புறம் நான் அதையும் நம்பணும்" என்றார். இதைச் சொல்லிக்கொண்டே மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டை வாயில் போட்டுவிட்டார். நான் கடைக்குப் போய் அதே மாதிரி இரண்டு வாங்கி உள்ளே வைத்துக் கட்டி, முந்தாநாள் பஸ்ஸில் மேஸ்திரி வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் அழுதார்கள். அழட்டும்.

அதன் பிறகு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று இது. இன்னொன்றை உன் ஆபீசில் உனக்கு மேலே இருக்கிற என்ஜினியருக்கு எழுதி, நேற்றே தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அல்லது சரி என்று சொல்லியிருந்தாலும், அது உன் வேலைக்காகச் சொன்னதா, என் முகத்துக்காகச் சொன்னதா என்று நான் யோசித்துக்கொண்டே இருந்திருப்பேன். இன்ன வருஷம், இன்ன கண்மாய் வேலையில், இன்ன ஓவர்சியர் மீது பெயரில்லாமல் வந்த மனுவை எழுதியவள் நான், அதில் இருந்த நாலு வரியும் பொய், மூன்று வரி ஒருவர் சொல்லி எழுதியது, நாலாவது நானே சேர்த்தது, அந்த மனுஷன் எங்கே இருந்தாலும் அவருடைய பதிவிலிருந்து இதை நீக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அவர் பெயரை அதில் முழுசாக எழுதினேன். என் மகன் இங்கே ஓவர்சியராக இருக்கிறான், அவனுக்கு இதில் சம்பந்தமில்லை என்றும் எழுதினேன். நம்புவார்களோ, மாட்டார்களோ. உன் வேலைக்கு இதனால் கெடுதல் வரலாம். வராது என்று நான் உனக்குத் தைரியம் சொல்ல மாட்டேன். வந்தால் அது நான் செய்ததால் வந்தது, நீ தலை குனிய வேண்டியதில்லை. ஆனால் மேஸ்திரியின் மணிபர்சில் இருக்கிற தாள் இனி வெறும் தாள். உன்னை மிரட்ட அவரிடம் வேறொன்றும் இல்லை. இருக்கிறதா என்று நீ உன்னையே ஒரு தடவை கேட்டுக்கொள். அதற்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

ஆபீசில் பழைய ஆட்கள் இருந்தால் அவரைப் பற்றி விசாரி. உயிரோடு இருந்தால் எங்கே என்று எனக்குத் தெரியப்படுத்து. உன் ஐயா கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் தண்ணீர் கொடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ. தண்ணீரை நீயே கொண்டு போ. மூலையில் படி வெட்டியிருக்கும், அந்த வழியாக இறங்காதே. நடுவில் குதித்து இறங்கு. மணலைக் காலால் தள்ளிவிட்டுக் கம்பியைக் குத்து. சுக்காங்கல் தட்டினால் எழுது. மெத்தென்று இறங்கினால், எத்தனை பேர் சுற்றி நின்றாலும், அவர்களில் யாராவது அழுதாலும், எழுதாதே. குழி வெட்டிக் கூலி வாங்குகிறவர்கள் மேல் கோபப்படாதே. அவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது, மற்றவர்களைச் சிரிக்க விடவும் கூடாது. அந்தச் சிரிப்பு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று இப்போது உனக்குத் தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்தில் நாளைக்குப் பிள்ளைகள் உட்காரும். அதில் ஒருத்தியாவது ஐந்தாம் வகுப்போடு நிற்காமல் மேலே படிக்கட்டும்.

மேஸ்திரி உன்னிடம் வந்து, அம்மா கடிதம் எழுதினாளா என்று கேட்பார். எழுதிவிட்டாள் என்று சொல். அவர் கேட்ட இரண்டு வரி இல்லை, கொஞ்சம் நீளமாகிவிட்டது என்று சொல். அந்த மனுவின் கடைசியில் 'இப்படிக்கு, ஏழைப் பெண்கள்' என்று போட்டேன். இதில் அப்படி இல்லை.

உன் அம்மா,
மி. சவேரியம்மாள், ஐந்தாம் வகுப்பு பாஸ்.